ஒழுகும் பானை தேடி த்வாண்டேக்கு

ஐந்து நாள் விடுப்பு, வளர்ப்பு மேசையில் ஆறு செடிக்கான இடம். இவ்வளவுதான் கிடைத்தது. "ஆறும் மழையைத் தாண்டினால் அந்த ரகம் இருக்கும். இல்லையென்றால் அடுத்த பருவம் வேறு விதை" என்றார் பீ சாக். பீ என்பது தாய்லாந்தில் மூத்தவர்களை மரியாதையாகக் கூப்பிடும் முறை. சாக் எங்கள் பண்ணையின் மேலாளர். கோபக்காரர் இல்லை, கடிகாரம் பார்ப்பவர். அது கோபத்தைவிட மோசம்.

நான் வேலை பார்ப்பது வட தாய்லாந்தில், மருந்து எண்ணெய்க்காக உரிமத்தோடு கஞ்சா வளர்க்கும் ஒரு பண்ணையில். பொள்ளாச்சியில் அம்மாவிடம் 'மூலிகைப் பண்ணை' என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொய் இல்லை. ஆனாலும் இந்தக் கட்டுரை அச்சில் வந்தபிறகு ஒரு நீண்ட தொலைபேசிப் பேச்சு இருக்கிறது.

பீ சாக்கோடு எனக்குள்ள சண்டைக்குக் காரணமான ரகத்துக்கு நாங்கள் வைத்த பெயர் நெட்டச்சி. சாடிவா என்கிற நெடிய கஞ்சா வகையின் பக்கம் சாய்ந்த கலப்பு. இலை விரல்கள் ஒல்லி, கணுக்களுக்கு நடுவே தாராளமான இடைவெளி. வெளிச்சத்தைப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்துப் பூக்கவிட்டால், பூப்பதற்கு முன்னால் ஒரு ஆட்டம் போடும். மூன்றே வாரத்தில் இரண்டு மடங்கு உயரம். வலை கட்டி, தண்டை வளைத்து, கெஞ்சிக் கூத்தாடித்தான் கூரையில் முட்டாமல் வைத்திருக்க வேண்டும். உரம் கொஞ்சம் கூடினால் இலை நுனி கருகிவிடும். பூத்து முடிக்கப் பதின்மூன்று வாரம். பக்கத்து மேசைக் குட்டை ரகங்கள் எட்டு வாரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுகின்றன. சாக்கின் கடிகாரம் அங்கேதான் நிற்கிறது.

ஆனால் நெட்டச்சியின் பூ இறுகாது. காற்றுப் புகுகிற தளர்ந்த கதிர். மழைக்காலத்தில் குட்டை ரகங்களின் கெட்டிப் பூ உள்ளுக்குள்ளே பூசணம் பிடித்து வீணாகும்போது இவள் சும்மா நிற்பாள். மாங்காயைக் கீறினால் வரும் வாசம், பின்னால் கொஞ்சம் மிளகு. அவளுக்கு ஒரே பலவீனம் கால். வேர் ஈரத்தில் நின்றால் ஒரே வாரத்தில் அழுகல். பிளாஸ்டிக் தொட்டியில் செத்தாள். துணிப்பையில் வைத்துப் பார்த்தோம், பாசியும் கொசுவும்தான் வளர்ந்தன. போன மழையில் பிழைத்தது ஒரே ஒரு செடி. அது என்னோடு வேலை பார்க்கும் ஜோதி, தண்ணீர் ஒழுகுகிறதென்று ஒதுக்கிப் போட்ட மண்பானையில் விளையாட்டாக நட்ட செடி.

ஜோதி யாங்கோன் தமிழ்ப்பெண். பானை அவள் அண்ணன் ராஜூ, யாங்கோனுக்கு ஆற்றின் அக்கரையில் பானைக்குப் பேர்போன த்வாண்டேயில் வாங்கிக் கொடுத்தது. எனக்கு அது போதும். உயரமான ஆறு த்வாண்டே பானை வேண்டும் என்று ஜோதியை அவரிடம் போனில் சொல்லவைத்தேன். நாற்றுகளை மாற்றி நடும் நாளுக்குள் நானே போய்த் தூக்கி வருவதாக ஏற்பாடு.

"கயலு, அங்க போயி செடி பேரு மட்டும் வாயில வரக்கூடாது" என்றாள் ஜோதி. "மியான்மர்ல அது கேசு. போன்ல இலைப் படம் ஒண்ணு இருக்கக்கூடாது. வழியில வாங்கிப் பாப்பாங்க."

"அப்போ பானை எதுக்குன்னு சொல்லியிருக்க?"

"தக்காளிக்கு."

படங்களையெல்லாம் அழித்தேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். அதில் இலை இல்லை. அந்தப் பானையும் ஒரு சாண் தண்டும் மட்டும்.

முதல் நாள். ராஜூ அண்ணன் வீடு யாங்கோனின் க்யிம்யிண்டைங் பகுதியில், படகுத்துறைக்கு இரண்டு தெரு தள்ளி. கீழே இன்வெர்ட்டர், பேட்டரி பழுது பார்க்கும் கடை, மேலே வீடு. மின்சாரம் முறை வைத்து வருகிற ஊரில் அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. நான் படியேறும்போது தெரு முழுக்க ஒரே கூச்சல். "மீ லாபி! மீ லாபி!" கலவரமோ என்று சுவரோடு ஒட்டி நின்றேன். மின்சாரம் வந்துவிட்டதாம். அத்தனை வீட்டிலும் மோட்டார் ஓடத் தொடங்கியது. எங்கள் ஊரில் கரண்ட் வந்தால் ஓர் 'அப்பாடா'வோடு முடிந்துவிடும். இங்கே கோல் போட்ட மாதிரிக் கொண்டாடுகிறார்கள்.

"தங்கச்சிதான் தக்காளிப் படிப்பு படிச்சது" என்று கடையில் இருந்த எல்லோருக்கும் அறிமுகம் செய்தார் ராஜூ அண்ணன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டம் போட்ட லோஞ்ஜி என்னும் பர்மியக் கைலி, காதில் பென்சில். "ஜோதியும் அதே பண்ணையிலதான். தாய்லாந்துல தக்காளிக்குக் கண்ணாடி வூடு கட்டிருக்காங்க, கேட்டியா!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஜோதி பானைக்கு மட்டும் பொய் சொல்லவில்லை. மூன்று வருடமாக வேலைக்கே சொல்லி வந்திருக்கிறாள்.

அண்ணி தேவி நேராக பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனார். பெயின்ட் டப்பாவில் நான்கு தக்காளிச் செடி, காய்களின் அடியில் கறுப்பு. "டாக்டர் வந்தாச்சு, என்னான்னு சொல்லு" என்றார். சுண்ணாம்புச் சத்துக் குறைவு, தண்ணீரை ஒரே சீராக விடவேண்டும் என்றேன். அது உண்மைதான். சாப்பாட்டில் மூங்கில் குருத்தும் உலர்ந்த இறாலும் போட்டு வதக்கிய புளிச்சக்கீரை. கூடையில் மிச்சமிருந்த கீரையை எடுத்துப் பார்த்தேன். விரல் விரித்த இலை. பழக்கதோஷத்தில் விரல்களை எண்ணத் தொடங்கி, தேவி அண்ணி பார்ப்பதைக் கண்டு கீழே வைத்தேன்.

இரண்டாம் நாள். ராஜூ அண்ணனோடு படகில் ஆற்றைக் கடந்து, அக்கரையில் மூன்று சக்கர வண்டி பிடித்தோம். இரண்டு பக்கமும் நாற்றுவிட்ட வயல். ஆனைமலை அடிவாரம்போல் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஒரு பள்ளத்தில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். மலை இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன்.

பானைக் கொட்டகை கால்வாயை ஒட்டி இருந்தது. ஆளுயர ஜாடிகள் படகில் ஏறிக்கொண்டிருந்தன. சூளை வாயில் விறகு மலைபோல் குவிந்து, மேலே தார்ப்பாய். அதை நடத்துவது மா தன்டா. மா என்பது இளம்பெண்களுக்கான மரியாதை முன்சொல். என்னைவிட இரண்டு, மூன்று வயது மூத்தவளாக இருப்பாள். காதில் போனை இடுக்கிக்கொண்டு யாரையோ திட்டியபடியே கையால் எங்களை உட்காரச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு, வைக்கோலை விலக்கி ஆறு தொட்டிகளைக் காட்டினாள்.

அகலமான வாய். ஒரு முழம் கூட இல்லாத ஆழம். வெளியே உள்ளே எல்லாம் பழுப்புப் பளபளப்பு, முகம் தெரிகிற மெருகு.

"தக்காளி வேரு மேலாலயே படருமாம், அதான் உயரமா வேணாம்னு அகலமாப் பண்ணிட்டேன்ங்குது" என்றார் ராஜூ அண்ணன், அவள் பேசுவதை மொழிபெயர்த்து. "ஒரு சொட்டு ஒழுகாதாம். வெளியூர்லேந்து வர்ற பொண்ணுன்னு ரெண்டு தரம் மெருகு குடுத்துருக்கு."

விதையிலிருந்து வரும் நெட்டச்சிக்கு ஆணிவேர். நேராகக் கீழே போகும். சுவர் மூச்சுவிட வேண்டும். இந்த மெருகுத் தொட்டி அவளுக்கு அழகான கிணறு. மழைக்காலத்தில் புதிதாக வனைந்து காயவைத்துச் சுட மூன்று வாரமாவது ஆகும். என் கையில் மூன்று நாள்.

வேறு வழி தெரியாமல் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். இந்த மாதிரி உயரமாக, மெருகு இல்லாமல் என்று சைகை செய்தேன். மா தன்டா படத்தைப் பெரிதாக்கினாள். பானையின் வெளிப்புறம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்த இடத்தில் நகத்தை வைத்தாள்.

"இது ஒழுகுற பானை. சூளையில அனல் எட்டாத மூலையில வெந்தது. நாங்க விக்கிறதில்ல, உடைச்சுடுவோம். யாரோ குப்பையிலேந்து பொறுக்கி வித்திருக்காங்க."

ராஜூ அண்ணன் முகம் சுருங்கியது. வாங்கியவர் அவர்தானே.

அவள் விரல் தண்டுக்கு நகர்ந்தது. கட்டைவிரல் பருமன், வரிவரியாகப் பள்ளம். அவள் சொன்னதை ராஜூ அண்ணன் உடனே மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தக்காளிக்கு இந்தத் தண்டு வராதுங்குது. என்னா செடின்னு தெரியாம பானை குடுக்கமாட்டேன்ங்குது. என்னா செடி தங்கச்சி?"

சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் ரகசியம் மட்டும் இல்லை. "நாளைக்குச் சொல்றேனுங்க அண்ணா" என்றேன். திரும்பும் படகில் அவர் வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காலை ஜோதியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருப்பாள். குழாய் நின்றது.

"நீ சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும். நானே சொல்றேன். போனை அண்ணன்கிட்ட குடு."

ராஜூ அண்ணன் போனோடு கடையின் பின்பக்கம் போனார். பத்து நிமிடம். திரும்பி வந்து போனை மேசைமேல் வைத்தார், என் கையில் தரவில்லை.

"தெருவு பூரா தக்காளின்னு சொல்லி வெச்சிருக்கேன். என் வூட்டுல சோறு தின்னுக்கிட்டு நீயும் தக்காளின்னே."

"தப்புங்க அண்ணா. அங்க அது சட்டப்படிதாங்க. மருந்துக்கு..."

"அங்கன சட்டம். இங்கன நான் இருக்கேன்ல?"

அவர் ஒரு இன்வெர்ட்டரைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அன்று முழுக்க க்யிம்யிண்டைங் சந்தையில் சுற்றினேன். மொஹிங்காவை இரண்டு தரம் சாப்பிட்டேன். மீன் குழம்பில் அரிசிச் சேவை, வாழைத்தண்டுத் துண்டுகள், மேலே பருப்பு வடையை நொறுக்கிப் போடுகிறார்கள். துக்கத்திலும் நன்றாக இருந்தது. மூச்சுவிடும் மண்சட்டி கிடைக்குமா என்று கடை கடையாகக் கேட்டேன். பூத்தொட்டி, சாமிக் குடம், உண்டியல் எல்லாம் இருந்தன. வெறுங்கையோடு போனால் சாக் ஒன்றும் சொல்லமாட்டார். கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். நெட்டச்சி விதை உறை குளிர்பெட்டியின் அடித்தட்டுக்குப் போகும். அங்கே போன எதுவும் இதுவரை மேலே வந்ததில்லை.

தனியாகவாவது போய் மா தன்டாவிடம் உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தேன். பர்மிய மொழியில் எனக்குத் தெரிந்தது நன்றியும் மொஹிங்காவும். அதை வைத்துக்கொண்டு எப்படி என்று யோசிக்கவில்லை.

நான்காம் நாள் காலை கீழே இறங்கினேன். கடை வாசலில் ஒரு அரிசிச் சாக்கு. உள்ளே துளைபோடும் இயந்திரம், இன்வெர்ட்டர், லாரி பேட்டரி ஒன்று. ராஜூ அண்ணன் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"ஓட்டை போடாம பானையில செடி வைப்பியா? அங்கன மீ இருக்கோ இல்லியோ. வா."

"அண்ணா..."

"மூணு வருஷமா மாசாமாசம் மருந்து மாத்திரை அனுப்புறா ஜோதி, அண்ணிக்கு முட்டிவலின்னு. தக்காளி வித்து அனுப்புறான்னு நெனச்சேன்." ஒரு அடி நடந்து திரும்பினார். "அந்தச் சனியன் பேர மட்டும் படகுல சொல்லாத."

கொட்டகையில் அவர் அந்தப் பேரைச் சொல்லவும் இல்லை. "மருந்துச் செடியாம். தாய்லாந்துல சர்க்கார் சீட்டு இருக்காம். ஆணிவேராம், காலுல ஈரம் ஆகாதாம்" என்று பர்மிய மொழியில் சொன்னதாக என்னிடமும் சொன்னார். மா தன்டா படத்தை இன்னொரு தரம் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள்.

"உங்க தக்காளிக்கு இலை ரொம்ப ஒல்லியா இருக்குமே" என்றாள்.

ராஜூ அண்ணன் அதை மொழிபெயர்க்கும்போது வானத்தைப் பார்த்தார்.

சூளைக்குப் பின்னால் உடைக்கப்போகும் குவியல். கறுத்தது, கோணல், வாய் பிளந்தது. அதில் உயரமானவை பதினான்கைப் பொறுக்கினோம். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தோம். சிலது ஓட்டை வாளி மாதிரிக் கொட்டியது. சிலது கல் மாதிரி நின்றது. ஏழு பானைகளில் மட்டும் வெளிச்சுவர் மெதுவாகக் கறுத்து, துளித்துளியாக வியர்த்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நெட்டச்சியின் வேருக்கு வேண்டியது இதுதான்.

"இது ஏழும்!" என்று கத்தினேன்.

மா தன்டா தலையசைத்தாள், இல்லை என்று. ஒவ்வொரு பானைக் கழுத்திலும் பிறைபோல ஒரு நகக்கீறல் இருந்தது. பச்சை மண்ணாக இருக்கும்போதே அவள் தன் கட்டைவிரல் நகத்தால் வைப்பது. அது இருக்கிற பானை ஒழுகினால் வாங்கியவர் எந்த ஊரிலிருந்தும் கொண்டு வரலாம், வேறு பானை தருவாள். ஒழுகும் பானை அந்தக் கீறலோடு கொட்டகையைத் தாண்டக்கூடாது.

"கேக்கலாம்ல, வெளிநாட்டுக்குத்தானே போவுதுன்னு?" என்றேன் ராஜூ அண்ணனிடம்.

கேட்டார். அவள் சொன்னது: "வெளிநாட்டுல ஒழுகுனா என் பானை ஒழுகலையா?"

"அப்போ கீறலை எடுத்துடலாமா?"

அவள் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். உள்ளே போய் அரம் ஒன்று கொண்டு வந்தாள். என்னிடம் தரவில்லை. தானே உட்கார்ந்து, ஒவ்வொரு பானையாக மடியில் சாய்த்து, தன் நகத்தின் அடையாளத்தைத் தானே தேய்த்து எடுத்தாள். இடையில் போன் அடித்தது, எடுக்கவில்லை.

பிறகு துளை. ஈரத்துணி விரித்து, பானையைக் கவிழ்த்து, ராஜூ அண்ணன் இயந்திரத்தை மெதுவாக ஓட்டினார். முதல் பானை பிளந்தது. மூன்றாவதும். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் கண்ணை மூடினேன். "நீ கண்ணை மூடுனா பானை ஒட்டிக்கிருமா? தண்ணி ஊத்து" என்றார். ஐந்து தேறின. ஆறாவது இடத்துக்கு ஜோதியின் பழைய பானையே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த மெருகுத் தொட்டி ஆறையும் விலை கொடுத்து எடுத்துக்கொண்டோம். எங்கள் பொய்க்காகச் செய்தவை அவை, விட்டுவிட்டு வர மனம் வரவில்லை.

பதினோரு மண்பாண்டம் படகுக்கு அதிகம் என்று லைங் தாயா வழியாகச் சாலையில் திரும்பினோம். தொழிற்பேட்டை முனையில் வண்டியின் டயர் வெடித்தது. மழை வேறு. தையல் ஆலையிலிருந்து பெண்களை வீட்டுக்குக் கூட்டிப்போகும் பேருந்து ஒன்றை ராஜூ அண்ணன் நடுரோட்டில் நின்று மறித்தார். உள்ளே நிற்கவே இடமில்லை. ஆனால் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு பெண்ணின் மடியும் காலியாக இருந்தது. என் பானைகள் பதினோரு மடிகளில் ஏறின.

"உயரமானது எல்லாத்துலயும் ஓட்டை!" என்றாள் ஒருத்தி, ஓட்டை வழியாகத் தோழியைப் பார்த்து.

"தாய்லாந்துல ஓட்டை இல்ல போல. இங்கேந்து வாங்கிட்டுப் போறா."

"எங்க லைன் லீடரையும் கூட்டிட்டுப் போகச் சொல்லு. ஓட்டை தலையில இருக்கு."

ராஜூ அண்ணன் ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் சொல்லி, இரண்டு நாளில் முதல் முறையாகச் சிரித்தார். கோவை டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் மடியில் பையை வைத்துவிட்டு நிற்பது எனக்குப் பழக்கம்தான். பானையை வைத்தது இதுவே முதல் தடவை. ஒன்றுகூட உடையவில்லை.

வீட்டில் மெருகுத் தொட்டிகள் பால்கனிக்குப் போயின. தேவி அண்ணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "அப்போ என் தக்காளிக்கு நீ சொன்ன வைத்தியம்?" என்றார்.

"அது நெசங்க அண்ணி. தக்காளியும் படிச்சிருக்கேன்."

"சரி. மத்தவங்களுக்கு நீ தக்காளி டாக்டர்தான். யாரும் கேக்காம நாமளா ஏன் சொல்லணும்?"

ஐந்தாம் நாள் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பொதியைப் பிரித்தார். ஒவ்வொரு பானையையும் தூக்கி, ஓட்டை வழியாகக் கூரை விளக்கைப் பார்த்தார். "உடைஞ்சது" என்றார் ஆங்கிலத்தில், எனக்காக வருத்தப்பட்டு. "செடி வைக்க" என்றேன். அவர் எந்தச் செடி என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நாற்றுகளை அன்று மாலையே மாற்றி நட்டோம், நானும் ஜோதியும். அவள் அண்ணனைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "டிரில் மெஷின அவராத்தான் எடுத்தாரா?" ஆமாம் என்றேன். மண்ணை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அந்த வருட மழை சும்மா விடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கக் கூடத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்த மிச்ச நெட்டச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலை சாய்த்தன. பானையில் இருந்தவற்றில் ஒன்று வாடியது. துளை அடைத்திருந்தது, கம்பியால் குத்திவிட்டோம், நிமிர்ந்துகொண்டது. பூக்கவிட்ட பதின்மூன்றாம் வாரம் ஆறும் வலைக்கு மேலே ஒல்லிக் கதிரோடு நின்றன. கூடம் முழுக்க மாங்காய் வாசம்.

பீ சாக் வந்தார். பானைச் சுவரில் விரலை வைத்தார், ஈரத்தைப் பார்த்தார்.

"ஒழுகுதே."

"ஆமா."

கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு முழு மேசைக்கு எத்தனை பானை ஆகும் என்று கேட்டார்.

இருபத்து நான்கு என்று ராஜூ அண்ணனுக்குச் செய்தி அனுப்பினோம். நேற்று அவர் அனுப்பிய படம் வந்தது. த்வாண்டே கொட்டகையில் உயரமான, இன்னும் சுடாத பச்சைப் பானைகள் வரிசையாகக் காய்கின்றன. அடியில் ஏற்கெனவே துளை. கழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு நகப்பிறை.

கூடவே அவர் குரல்: "அரம் எங்கன்னு கேட்டேன் தங்கச்சி. வேணாம்ங்குது. அனல் எட்டாத மூலையில அதுவே பாத்துப் பாத்து அடுக்கப்போவுதாம். இது ஒழுகலேன்னாதான் திருப்பிக் கொண்டாரணுமாம்."